போர்ட் பண்றதுக்கு முன்னாடி எந்த நெட்வொர்க் நமக்கு செட் ஆகும்னு நாமளே டெஸ்ட் பண்ணிப் பாக்குறது எப்படி? முழு விவரம்

ஜியோவுக்கு மாறலாமா, ஏர்டெல் போலாமா, பிஎஸ்என்எல்லும் இப்ப 4ஜி குடுத்துட்டாங்களே அதுக்கே போயிடலாமானு கேக்குறவங்க எல்லார்கிட்டயும் நான் திரும்பக் கேக்குற கேள்வி ஒண்ணுதான். ராத்திரி ஒம்பதரை மணிக்கு நீங்க எந்த ரூம்ல உக்காந்து போன் பாப்பீங்க? இதுக்கு பதில் தெரியாம எந்த நெட்வொர்க் பெஸ்ட்னு யாராலயும் சொல்ல முடியாது. இந்தியா முழுக்க சராசரி ஸ்பீடுல யார் முன்னாடி இருக்காங்கங்கறது பேப்பர்ல படிக்க நல்லாருக்கும், உங்க தெருவுல அவங்க டவர் எங்க இருக்கு, அந்த டவர்ல எத்தன பேர் தொங்கிட்டு இருக்காங்கங்கறதுதான் உங்க போன்ல வர்ற ஸ்பீடு. நீங்க இருக்குற இடத்துல, கூட்டம் அதிகமான நேரத்துல, குறைஞ்சபட்சம் எவ்ளோ வருதுனு மட்டும் பாருங்க, அந்த நம்பர் யாருக்கு நல்லாருக்கோ அவங்ககிட்ட போங்க.

அவசரப்படக் கூடாதுங்கறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. ஒரு தடவ போர்ட் ஆயிட்டா, அதாவது நம்பர மாத்தாம வேற கம்பெனிக்கு மாறிட்டா, 90 நாள் முடியுற வரைக்கும் அங்கேர்ந்து வேற கம்பெனிக்கு நகர முடியாது. தப்பான இடத்துக்குப் போய் மாட்டிக்கிட்டா மூணு மாசம் பால்கனில நின்னுதான் பேசணும். அதனால ஒரு வாரம் டெஸ்ட்டுக்குனு ஒதுக்குங்க, போதும்.

முதல்ல உங்க தேவைய எழுதி வைங்க

ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க, இல்ல போன்லயே நோட்ஸ். நீங்க அதிகமா இருக்குற இடங்கள எழுதுங்க. வீட்டுல பெட்ரூம், கிச்சன், பிள்ளைங்க படிக்கிற இடம், ஆபீஸ்ல உங்க சீட்டு, தினமும் போற ரூட்டு, மாசம் ஒரு தடவ போற சொந்த ஊரு. வீடுன்னு பொதுவா எழுதாதீங்க, ரூம் ரூமா எழுதுங்க, ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவுல ரெண்டு செவுரு இருந்தாலே கதை மாறிடும்.

அப்புறம் என்னத்துக்கு யூஸ் பண்றீங்க. யூடியூப்ல 1080பி வீடியோ நிக்காம ஓட 5 எம்பிபிஎஸ் போதும், 4கே வேணும்னா 20 கிட்ட வேணும். ஜூம் மாதிரி வீடியோ காலுக்கு நல்ல குவாலிட்டி வேணும்னா அப்லோடு 3, 4 எம்பிபிஎஸ் விடாம வரணும். வாட்ஸ்அப் காலுக்கு ஸ்பீடு ரொம்ப கம்மியா இருந்தாலும் பரவால்ல, ஆனா பிங், அதாவது நாம அனுப்புறது போய் பதில் திரும்பி வர்ற நேரம், ஏறி இறங்காம இருக்கணும். ஜிபே, பஸ் டிக்கெட், பேங்க் ஆப் இதுக்கெல்லாம் 2 எம்பிபிஎஸ் தாராளம். ஆக 400 எம்பிபிஎஸ் வருதுனு ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் காட்டுறாரேனு மயங்க வேண்டாம், எல்லா நேரமும் விடாம 10 எம்பிபிஎஸ் குடுக்குற நெட்வொர்க் பெரும்பாலானவங்களுக்கு அத விட மேல். இன்னொண்ணு, எம்பிபிஎஸ்ங்கறது பிட் கணக்கு, நாம டவுன்லோடு பண்றப்ப பாக்குற எம்பி பைட் கணக்கு, எட்டால வகுத்துக்கணும். 40 எம்பிபிஎஸ் வந்தா செகண்டுக்கு 5 எம்பி இறங்கும்.

கம்பெனிய திட்டுறதுக்கு முன்னாடி போனையும் சிம்மையும் பாருங்க

நெட்வொர்க் மோசம்னு வர்றவங்கள்ல கணிசமான பேருக்கு பிரச்சனை போன்லயோ சிம்லயோ இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் வேற வேற அலைவரிசைல ஓட்டுறாங்க. ஜியோ 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது, போன் ஸ்பெக்ல அது பேண்ட் 5, 3, 40னு போட்டிருக்கும். ஏர்டெல் 900, 1800, 2100, 2300, அதாவது பேண்ட் 8, 3, 1, 40. வி-யும் (வோடஃபோன் ஐடியா) 900, 1800, 2100, சில சர்க்கிள்ல, அதாவது டெலிகாமுக்குனு பிரிச்ச மாநில வாரிப் பகுதில, மட்டும் 2500. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700ம் 2100ம், பேண்ட் 28, பேண்ட் 1. உங்க போன் மாடல் பேரப் போட்டு ஸ்பெக் தேடுங்க, இந்த நம்பர்லாம் இருக்கானு பாருங்க. வெளிநாட்டுலேர்ந்து கொண்டு வந்த போன்லயும் பழைய மாடல்லயும் பேண்ட் 28 இல்ல பேண்ட் 40 விட்டுப் போயிருக்க வாய்ப்பு இருக்கு, அப்படி இருந்தா பக்கத்துலயே டவர் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

இந்த நம்பர்ல கவனிக்க வேண்டியது, சின்ன அலைவரிசை தூரம் போகும், செவுத்த தாண்டி உள்ள வரும், ஆனா அள்ளிக் குடுக்காது. பெரிய அலைவரிசை ஸ்பீடு குடுக்கும், ரெண்டு செவுரு வந்தா படுத்துடும். மெத்த வீட்டுக்குள்ள, லிஃப்ட்டுக்குள்ள, பேஸ்மெண்ட்ல வேலை செய்யுறது 700, 850, 900 மாதிரி ஆளுங்கதான்.

கும்பகோணம் பக்கம் சித்தி வீட்டுல இத கண்ணால பாத்தேன். ரெண்டு கம்பெனி சிம்மயும் ஒரே போன்ல மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தப்ப, திண்ணைல முதல் கம்பெனி சிக்னல் மைனஸ் 84 (மைனஸுக்கு அப்புறம் வர்ற நம்பர் சின்னதா இருந்தா சிக்னல் பலம் அதிகம்), ஸ்பீடு 40க்கு மேல. ரெண்டாவது கம்பெனி அதே திண்ணைல மைனஸ் 97, ஸ்பீடு 14தான். திண்ணையோட நிறுத்தியிருந்தா முதல் கம்பெனிதான்னு முடிவு பண்ணியிருப்போம். ரேழி தாண்டி, கூடம் தாண்டி, பின்கட்டுல அடுப்படிக்குப் போனா முதல் கம்பெனி மைனஸ் 116க்கு விழுந்துடுச்சு, கால் போட்டா பாதி வார்த்தைதான் கேக்குது. ரெண்டாவது கம்பெனி மைனஸ் 104ல நின்னுட்டு 9 எம்பிபிஎஸ் குடுத்துட்டே இருந்துச்சு. சித்தி போன் நாள் பூரா அடுப்படி அலமாரிலதான் இருக்கும், அவங்களுக்கு எது சரின்னு அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல.

செட்டிங்ஸ்ல வோல்ட்டிஇ, அதாவது 4ஜி வழியாவே கால் பேசுற வசதி, ஆன்ல இருக்கானு பாருங்க. வீட்டுல பிராட்பேண்ட் இருந்தா, டவர் சிக்னலுக்கு பதிலா வைஃபை வழியா கால் பேசுற வைஃபை காலிங்கும் ஆன் பண்ணுங்க. ஏர்டெல் 2019 டிசம்பர்லயும் ஜியோ 2020 ஜனவரிலயும் இத ஆரம்பிச்சாங்க, தனியா காசு கிடையாது, உள்ரூம்ல சிக்னல் இல்லங்கற ஒரே பிரச்சனைக்காக மாறணும்னு நினைக்கிறவங்களுக்கு இதோட வேலை முடிஞ்சிடும், போர்ட்டே தேவைப்படாது.

சிம் கார்டு பழசா இருந்தா அதையும் மாத்திப் பாக்கலாம், குறிப்பா பிஎஸ்என்எல்ல பழைய சிம் வச்சிருந்தா 4ஜி சிம் வாங்கினாதான் 4ஜி வரும். ஆனா ஒரு விஷயம், 2024 ஜூலை 1லேர்ந்து வந்த விதிப்படி சிம் மாத்தின 7 நாளைக்கு போர்ட் கோடு குடுக்க மாட்டாங்க. சிம் மாத்திப் பாத்துட்டு நாளைக்கே போர்ட்டும் போட்டுடலாம்னு பிளான் பண்ணாதீங்க.

வீட்டுல உக்காந்தே பாக்க வேண்டியது

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024ல கொண்டு வந்த தரக் கட்டுப்பாட்டு விதிகள்ல எல்லா கம்பெனியும் தங்களோட 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி கவரேஜ் மேப்ப அவங்கவங்க வெப்சைட்ல போடணும்னு சொல்லியிருக்காங்க. போய் உங்க தெருவ ஜூம் பண்ணிப் பாருங்க. ஆனா அந்த மேப்புல கலர் இருக்குனா வெளில நின்னா சிக்னல் கிடைக்கும்னு அர்த்தம், உங்க பெட்ரூம்ல கிடைக்கும்னு இல்ல, ராத்திரில ஸ்பீடு வரும்னும் இல்ல. கலர் இல்லாத இடத்த நம்பலாம், அவங்களே இல்லனு ஒத்துக்கிட்ட இடம் அது. அந்த கம்பெனிய அங்கேயே அடிச்சிடலாம்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு, தரங் சஞ்சார்னு மத்திய தொலைத்தொடர்பு துறையோட சைட். டவர் கதிர்வீச்சு பத்தி மக்கள் தெரிஞ்சுக்கணும்னு 2017ல ஆரம்பிச்சாங்க, நமக்கு அது வேற விதத்துல உதவும். உங்க ஏரியாவ போட்டா சுத்துப்பட்டுல டவர் எங்கெங்க இருக்குனு மேப்ல காட்டும், ஒரு டவர்ல எந்தெந்த கம்பெனி எந்த டெக்னாலஜி வச்சிருக்காங்கங்கற விவரத்தையும் கேட்டு வாங்கிக்கலாம். வீட்டுலேர்ந்து டவர் எந்தப் பக்கம்னு தெரிஞ்சிட்டா எந்த ஜன்னலோரம் சிக்னல் வரும்னு கூட கணிக்கலாம்.

மக்கள் போன்லேர்ந்து சேர்ந்த டேட்டா வேணும்னா என்பெர்ஃப், ஓபன்சிக்னல், செல்மேப்பர் இருக்கு. ஸ்பீட்டெஸ்ட் ஆப் நடத்துற ஊக்லாவோட ரிப்போர்ட்டும் வரும். மேப்புல உங்க தெருவுல புள்ளிகள் நிறைய இருந்தா நம்பலாம், ரெண்டே புள்ளி இருந்தா அது ரோட்டுல வண்டில போன யாரோ ஒருத்தரோட ரீடிங், விட்டுடுங்க. டிராய் ஊர் ஊரா வண்டில போய் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் போடுறாங்க, கால் கனெக்ட் ஆகுற சதவீதம், கட் ஆகுற சதவீதம், டவுன்லோடு, அப்லோடு, பிங் எல்லாம் கம்பெனி வாரியா இருக்கும். உங்க ஊர் அதுல வந்திருந்தா கண்டிப்பா படிங்க. படிக்கிறப்ப கால் டிராப் காலத்த முதல்ல பாருங்க, டிராய் வச்சிருக்குற எல்லை 2 சதவீதம்.

இதெல்லாம் நாலு கம்பெனிய ரெண்டாக் குறைக்கிறதுக்குத்தான். மிச்சம் இருக்குற ரெண்ட கைல வச்சுதான் டெஸ்ட் பண்ணணும்.

டெஸ்ட் சிம் எப்படி ஏற்பாடு பண்றது

ரொம்ப சுலபம் என்னன்னா பக்கத்து வீட்டுலயோ மாடி வீட்டுலயோ அந்த கம்பெனி சிம் வச்சிருக்குறவங்களப் பாத்து பேசுறது. சும்மா நெட் நல்லா வருதானு கேட்டா பரவால்லனு சொல்லிடுவாங்க, அதுல ஒண்ணும் தெரியாது. ராத்திரில வீடியோ நிக்குதா, உள்ரூம்ல பேசுறப்ப கட் ஆகுதா, கரண்ட் போனா சிக்னலும் போயிடுதானு மூணு கேள்வியா பிரிச்சுக் கேளுங்க, உண்மை வரும்.

அதோட ஒரு புது பிரீபெய்டு சிம் வாங்கி சின்ன பேக் போட்டுக்கோங்க. ஆதார் வச்சு கடைலயே ஆக்டிவேட் பண்ணிடுவாங்க. ஒருத்தர் பேர்ல 9 சிம் வரைக்கும்தான் இருக்கலாம், ஏற்கனவே எத்தன இருக்குனு மத்திய அரசோட சஞ்சார் சாத்தி சைட்ல பாத்துக்கலாம், பாத்தா உங்களுக்கே தெரியாத நம்பர் ஒண்ணு ரெண்டு உங்க பேர்ல இருக்கானும் தெரிஞ்சிடும். ரோட்டோரம் குடை போட்டு சிம் விக்கிறவங்ககிட்ட வாங்கினா ஒரு தடவ விரல் வச்சதுக்கு அப்புறம் சரியா விழலனு திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னா கொஞ்சம் உஷாரா இருங்க, கம்பெனி ஷோரூம்லயே வாங்குறது நல்லது.

டெஸ்ட் பண்றப்ப ஒரே போன், ஒரே ஸ்லாட். சில போன்ல ரெண்டாவது ஸ்லாட்டுக்கு 5ஜி வராது, அதுல புது சிம்ம போட்டுட்டு ஸ்பீடே இல்லனு சொல்லிடக் கூடாது. ஹாட்ஸ்பாட் வாங்கி டெஸ்ட் பண்ணாதீங்க, அது வைஃபையையும் சேத்து அளக்கும். விபிஎன், டேட்டா சேவர் ஆஃப். அன்னைக்கு டெய்லி டேட்டா தீர்ந்து போச்சானும் பாருங்க, தீர்ந்தா பல பேக்ல 64 கேபிபிஎஸ்க்கு இறக்கிடுவாங்க, அத வச்சு நெட்வொர்க்க எடை போட முடியாது.

அளக்குறது: சிக்னல் தனி, ஸ்பீடு தனி

போன் மேல தெரியுற கோடுகள மறந்துடுங்க. ஒவ்வொரு போன் கம்பெனியும் அத அவங்க இஷ்டத்துக்கு வரையுறாங்க. உண்மையான நம்பர் டிபிஎம்ல இருக்கும். ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ் போய் அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ்ல பாக்கலாம், பல போன்ல *#*#4636#*#* அடிச்சாலும் வரும், சாம்சங்ல *#0011#, ஐபோன்ல *3001#12345#* அடிச்சு கால் பட்டன் அமுக்கணும். நெட்வொர்க் செல் இன்ஃபோ லைட் மாதிரி ஆப்பும் போட்டுக்கலாம்.

அதுல ஆர்எஸ்ஆர்பினு ஒண்ணு இருக்கும், மைனஸ்ல வரும். மைனஸ் 80, அதுக்கும் மேலனா அருமை. 80லேர்ந்து 90 நல்லாருக்கு. 100 வரைக்கும் ஓட்டலாம். 100லேர்ந்து 110 தடுமாறும், 110 தாண்டினா கால் கட் ஆக ஆரம்பிக்கும், 120ல கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. பக்கத்துலயே எஸ்ஐஎன்ஆர்னு இன்னொரு நம்பர், சிக்னல்ல இரைச்சல் எவ்ளோ கலந்திருக்குனு சொல்றது. 20க்கு மேலனா சூப்பர், 13க்கு மேல நல்லது, 0க்கு கீழ போனா சிக்னல் பலமா இருந்தாலும் ஸ்பீடு வராது. அடுக்குமாடில மேல் ஃபுளோர்ல இருக்குறவங்களுக்கு இது அடிக்கடி நடக்கும், சுத்தி இருக்குற அஞ்சாறு டவரும் ஒரே நேரத்துல கண்ணுல படும், எதுவும் தெளிவா இருக்காது.

இப்ப ஸ்பீடு. ரோடு பக்கத்துல இருக்குறது வேற, அதுல டிராபிக் இல்லாம இருக்குறது வேற. சிக்னல் ரோடு மாதிரி, ஸ்பீடு அன்னைக்கு டிராபிக்க பொறுத்தது. அதனால மூணு நேரத்துல அளக்கணும், காலைல எட்டு ஒம்பது மணி, மத்தியானம், அப்புறம் ராத்திரி ஒம்பதுலேர்ந்து பத்தரைக்குள்ள. வார நாள் ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ஒண்ணு. ஐபிஎல் சீசனா இருந்தா இன்னும் நல்லது, மேட்ச் ஓடுற நேரத்துல அளந்தா டவரோட உண்மையான தெம்பு தெரியும்.

ஒவ்வொரு இடத்துலயும் மூணு தடவ அடிங்க, நடுவுல வர்ற நம்பர எழுதுங்க, சராசரி வேண்டாம், ஒரு தடவ எகிறிக் குதிச்சா சராசரி ஏமாத்திடும். ரொம்பக் கம்மியா வந்தத தனியா பக்கத்துல குறிச்சுக்கோங்க. ஸ்பீட்டெஸ்ட் ஆப் தானா எடுக்குற சர்வர் பல நேரம் அந்த கம்பெனியோட சொந்த சர்வரா இருக்கும், அதுல நம்பர் கொஞ்சம் அழகாத்தான் வரும். சர்வர மாத்தி ரெண்டு கம்பெனிக்கும் ஒரே மூணாவது ஆளோட சர்வர செலக்ட் பண்ணுங்க, கூடவே ஃபாஸ்ட் டாட் காம்லயும் ஒரு தடவ, அது நெட்ஃபிளிக்ஸ் சர்வர்லேர்ந்து இழுக்குறதால வீடியோ எப்படி ஓடும்னு புரியும். டிராயோட மைஸ்பீடு ஆப்லயும் அடிச்சா உங்க ரீடிங் அரசு டேட்டாவுக்கும் போகும்.

டேட்டா செலவப் பத்தி சொல்லிடுறேன். 5ஜில 400 எம்பிபிஎஸ் வந்து டெஸ்ட் பத்து செகண்டு ஓடினா 4000 மெகாபிட், அதாவது 500 எம்பி காலி, டவுன்லோடுக்கு மட்டும். 1.5 ஜிபி பேக் போட்டுட்டு மூணு தடவ அடிச்சா அன்னைக்கு கணக்கு முடிஞ்சுது. டெஸ்ட் வாரத்துக்கு கொஞ்சம் பெரிய பேக்கா போடுங்க.

டவுன்லோடோட நிறுத்திடாதீங்க. அப்லோடு 1 எம்பிபிஎஸ்க்கு கீழ போனா பிள்ளைங்க ஆன்லைன் கிளாஸ்ல அவங்க முகம் டீச்சருக்கு உறைஞ்சு போய்தான் தெரியும். பிங் 50 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா கேம் கூட ஆடலாம், 100ஐ ரொம்பத் தாண்டினா பேச்சு லேட்டா வர ஆரம்பிக்கும். ஜிட்டர், அதாவது பிங் ஏறி இறங்குற அளவு, அதிகமா இருந்தா ஸ்பீடு எவ்ளோ வந்தாலும் வாட்ஸ்அப் கால் சரியா வராது.

நோட்ல ஒரு வரி இப்படி இருந்தா போதும்: ஞாயிறு ராத்திரி 9.40, பெட்ரூம், மைனஸ் 101, டவுன் 6, அப் 2, பிங் 48, கால் ஓகே. அடுத்த வரில அதே இடம், அடுத்த சிம். பத்து நிமிஷ இடைவெளிக்குள்ள ரெண்டையும் எடுத்துடணும், மணி மாறினா கூட்டமும் மாறிடும்.

பேசிப் பாக்காம முடிவு பண்ணாதீங்க

ஸ்பீடுலயே கண்ணா இருந்து கால விட்டுடுறவங்க நிறைய. நெட் போனா வைஃபை இருக்கு, கால் போனா ஒண்ணும் பண்ண முடியாது, வயசானவங்க வீட்டுல இருந்தா இதுதான் முதல்ல பாக்க வேண்டியது. டெஸ்ட் சிம்லேர்ந்து உங்க நம்பருக்கு கால் போட்டு ரூம் ரூமா நடந்துட்டே பேசுங்க, எதிர்ல இருக்குறவர ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் எண்ணச் சொன்னீங்கனா எந்த நம்பர் விழுங்கிடுச்சுனு தெளிவா தெரியும். வெளிலேர்ந்து உங்களுக்கு கால் வர்றதையும் பாருங்க, ரிங் போகாமலே நாட் ரீச்சபிள் வருதானு.

அப்பா அம்மா கைல பட்டன் போன் இருந்தா இன்னொரு கணக்கு. ஜியோக்கு 2ஜி, 3ஜி கிடையாது, எல்லாமே 4ஜி வோல்ட்டிஇதான், சாதா 2ஜி பட்டன் போன்ல அந்த சிம் வேலை செய்யாது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் மூணுலயும் 2ஜி இருக்கு.

வழிலயும் ஊர்லயும்

தினமும் ரயில்ல போறவங்க தாம்பரத்துல ஏறி உக்காந்ததும் ஒரு ஆடியோ காலப் போட்டுட்டு பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரினு எந்த ஸ்டேஷன்ல குரல் உடையுதுனு குறிச்சிட்டே வாங்க. சாயங்காலம் ஆறரை மணி வண்டில இத பண்ணணும், பொத்தேரில காலேஜ் பசங்க கூட்டம், அந்த வண்டில இருக்குற ஆயிரக்கணக்கான போனும் ஒரே நேரத்துல ஒரு டவர விட்டு அடுத்த டவருக்குத் தாவுது, சிங்கப்பெருமாள்கோயில் பரனூர் வரைக்கும் பேச்சு அறுந்து போகாம வந்தா அந்த நெட்வொர்க்க அந்த ரூட்டுக்கு நம்பலாம். ஸ்பீட்டெஸ்ட்ட விட இந்த ஒரு கால் நிறைய சொல்லும்.

மலைப்பக்கம் சொந்த ஊருனா, வால்பாறை, கூடலூர், கொல்லிமலை, ஏற்காடு மாதிரி, நகரத்து ரிசல்ட்ட அப்படியே எடுத்துட்டுப் போகாதீங்க. மேடு பள்ளத்துல ஒரு வளைவு தாண்டினா டவர் மறைஞ்சிடும், எந்த கம்பெனி டவர் எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்குங்கறதுதான் அங்க எல்லாம். அங்க இருக்குற டீக்கடைக்காரரு, பஸ் கண்டக்டர், தபால்காரரு இவங்ககிட்ட கேட்டா மேப்ப விட சரியா சொல்வாங்க. அரசு நிதில போட்ட டவர் இருக்குற கிராமங்கள்ல 2025 ஜனவரிலேர்ந்து ஒரு வசதி வந்திருக்கு, பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ மூணு பேர்ல யாரோட டவரா இருந்தாலும் மத்த ரெண்டு பேர் சிம்முக்கும் 4ஜி குடுக்கலாம்னு. உங்க ஊர் டவர் அந்த லிஸ்ட்ல இருந்தா கவரேஜ் கவலை பாதி குறையும்.

5ஜிக்காக மட்டும் மாறுறவங்களுக்கு

2022 அக்டோபர் 1ல நாட்டுல 5ஜி ஆரம்பிச்சப்பவே ரெண்டு பெரிய கம்பெனியும் ரெண்டு வழில போனாங்க. ஜியோ தனியா 5ஜிக்குனே கட்டின எஸ்ஏ நெட்வொர்க், அதுக்கு 700 மெகாஹெர்ட்ஸும் 3300 மெகாஹெர்ட்ஸும் வச்சிருக்காங்க, போன்ல என்28, என்78. ஏர்டெல் 4ஜி மேலயே ஏத்தின என்எஸ்ஏல ஆரம்பிச்சாங்க, என்78. வி 2025 மார்ச்ல மும்பைலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு ஊரா வர்றாங்க. உங்க போன்ல என்28 இல்லனா வீட்டுக்குள்ள ஜியோ 5ஜி எதிர்பார்த்த அளவு வராம போகலாம், கொஞ்சம் பழைய மாடலா இருந்தா இத ஒரு தடவ பாத்துடுங்க.

2024 ஜூலை விலையேத்தத்துக்கு அப்புறம் ஜியோலயும் ஏர்டெல்லயும் அன்லிமிடெட் 5ஜி வேணும்னா ஒரு நாளைக்கு 2 ஜிபி, இல்ல அதுக்கு மேல இருக்குற பேக்தான் போடணும்னு ஆச்சு. அந்த விலை வித்தியாசத்த கணக்குல சேத்துக்கோங்க. டெஸ்ட்லயும் 5ஜி ஆன்ல ஒரு ரவுண்டு, 4ஜி மட்டும் வச்சு ஒரு ரவுண்டு எடுங்க, ஏன்னா 5ஜி கிடைக்காத இடத்துல நீங்க விழப்போறது அந்த 4ஜி மேலதான்.

கரண்ட் போனா என்ன ஆகுது

இத யாரும் டெஸ்ட் பண்றதில்ல, என்னைக் கேட்டா நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப சென்னைல பல ஏரியால கரண்டும் இல்ல போனும் இல்லனு ஜனங்க தவிச்சத பாத்தோம், 2018ல கஜா அடிச்சப்ப டெல்டா பக்கம் அத விட மோசம். டவர்ல பேட்டரியும் ஜெனரேட்டரும் எவ்ளோ நேரம் தாங்குதுங்கறது டவருக்கு டவர் மாறும். உங்க ஏரியால மாசாந்திர பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்ட் நிறுத்துற நாள் வரும்ல, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும், அன்னைக்கு மத்தியானம் ரெண்டு சிம்லயும் ஆர்எஸ்ஆர்பி பாருங்க. எது இன்னும் நிக்குதோ அது புயல் நாள்லயும் கொஞ்சம் அதிக நேரம் நிக்க வாய்ப்பு இருக்கு.

இதோட சேத்து, வீட்டுல எல்லாரும் ஒரே கம்பெனில இருக்காதீங்க. 2018 பிப்ரவரில ஏர்செல் தமிழ்நாட்டுல படுத்தப்ப, வீடு மொத்தமும் ஏர்செல்லா இருந்தவங்க பட்ட பாடு ஞாபகம் இருக்கும், போர்ட் கோடு வாங்க மெசேஜ் அனுப்பக் கூட சிக்னல் இல்லாம டவர் வேலை செய்யுற இடம் தேடி அலைஞ்சாங்க. ரெண்டாவது ஸ்லாட்ல வேற கம்பெனி சிம் ஒண்ணு சின்ன பேக்ல கிடக்கட்டும். அந்த இடத்துக்கு பிஎஸ்என்எல்ல யோசிக்கலாம், 2025 செப்டம்பர் 27ல ஒடிசா ஜார்சுகுடாலேர்ந்து சுமார் 97,500 டவரோட 4ஜி நாடு முழுக்க தொடங்கி வச்சாங்க, சி-டாட், தேஜஸ், டிசிஎஸ் சேர்ந்து செஞ்ச உள்நாட்டு தொழில்நுட்பம். டெக்னாலஜி நம்மளோடதுங்கறது எனக்கு சந்தோஷம்தான், ஆனா முதல் சிம்மா வைக்கணும்னா மத்தவங்களுக்கு வச்ச அதே டெஸ்ட்ட அதுக்கும் வச்சுட்டுத்தான் வைக்கணும்.

நோட்ட வச்சு முடிவு எடுக்குறது

எந்த இடத்துலயாவது மைனஸ் 115க்கு கீழ போயி கால் கட் ஆச்சுனா, அது நீங்க தினமும் இருக்குற இடம்னா, அந்த கம்பெனி அவுட், வேற எங்க எவ்ளோ நல்லா வந்தாலும் சரி. மிச்சத்துல ராத்திரி நேர டவுன்லோடு உங்க தேவைய தாண்டுதானு பாருங்க. ரெண்டும் தாண்டினா விலைய பாருங்க. இப்ப இருக்குற கம்பெனியும் பாஸாகி வித்தியாசம் ரெண்டு மூணு எம்பிபிஎஸ்தான்னா மாறாதீங்க, ஓடிட்டு இருக்குறத எதுக்கு தொந்தரவு பண்ணணும்.

போர்ட் பண்ற நாள்

நம்பர் உங்க பேர்ல இருக்கணும், அப்பா பேர்ல இருந்தா முதல்ல பேர் மாத்தணும் இல்ல அவரே வரணும். இப்ப இருக்குற கம்பெனில 90 நாள் முடிஞ்சிருக்கணும். போஸ்ட்பெய்டுனா பில் பாக்கி இருக்கக் கூடாது. பிரீபெய்டுனா மிச்சம் இருக்குற பேலன்ஸும் வேலிடிட்டியும் கூட வராது, அதனால வருஷ பேக் போட்ட மறு வாரம் போர்ட் போடாதீங்க, பேக் முடிய நாலஞ்சு நாள் இருக்குறப்ப ஆரம்பிங்க.

இங்கிலீஷ் பெரிய எழுத்துல போர்ட்னு டைப் பண்ணி, ஒரு ஸ்பேஸ் விட்டு உங்க பத்து இலக்க நம்பரப் போட்டு 1900க்கு மெசேஜ் அனுப்புங்க. பேக்ல எஸ்எம்எஸ் இல்லனாலும் இத அனுப்ப விடணும்னு டிராய் 2021 டிசம்பர்லயே சொல்லிட்டாங்க. நீங்க தகுதியா இருந்தா எட்டு எழுத்துல யுபிசிங்கற போர்ட் கோடு வரும், நம்ம பக்கம் அது 4 நாள்தான் செல்லும். தகுதி இல்லனா காரணம் வரும். கோட யார்கிட்டயும் போன்ல சொல்லாதீங்க, கம்பெனிலேர்ந்து பேசுறோம்னு சொன்னாலும் சொல்லாதீங்க.

கோடோட ஆதாரோட புது கம்பெனி கடைக்குப் போனா புது சிம் குடுப்பாங்க. ஒரே சர்க்கிள்னா 3 வேலை நாள், வேற சர்க்கிள்னா 5 வேலை நாள். சென்னை, புதுச்சேரி எல்லாம் தமிழ்நாடு சர்க்கிள்லயே வரும், பெங்களூரு நம்பர இங்க கொண்டு வர்றதுனா அஞ்சு நாள் கணக்கு. மனசு மாறிட்டா 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி நம்பரோட அதே 1900க்கு அனுப்பலாம்.

பழைய சிம்ல சிக்னல் போனதும் புதுசப் போடுங்க, நடுவுல சில மணி நேரம் ரெண்டுமே வேலை செய்யாது. அன்னைக்கு ஃபீஸ் கட்டுறது, தட்கல் போடுறது, பேங்க் ஓடிபி வேலை எதுவும் வச்சுக்காதீங்க, கைல கொஞ்சம் காசு வச்சுக்கோங்க, சிம் மாறினதால யுபிஐ ஆப் திரும்ப நம்பர வெரிஃபை பண்ணச் சொல்லும். ஏபிஎன் (மொபைல் டேட்டாவுக்கான செட்டிங்), வோல்ட்டிஇ, வைஃபை காலிங், 5ஜி செட்டிங் நாலையும் திரும்ப ஒரு தடவ பாருங்க, சிம் மாறினதும் சில போன்ல இதெல்லாம் ஆஃப் ஆயிடும்.

முதல் வாரத்துல அதே ரூம், அதே நேரத்துல ஒரு தடவ அளந்து பழைய நோட்டோட ஒப்பிடுங்க. பெரிய இறக்கம் இருந்தா 198க்கு கால் பண்ணி கம்ப்ளைண்ட் போட்டு அந்த நம்பர வாங்கி வைங்க, இடம், நேரம், டிபிஎம் மூணையும் சொன்னா அவங்களால மழுப்ப முடியாது. பதில் திருப்தியா இல்லனா அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட போகலாம், அதுக்கு அந்த கம்ப்ளைண்ட் நம்பர் கண்டிப்பா வேணும்.